பிள்ளைகளை வாய்விட்டு யோசிக்க விடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிப்பவள். இங்கே ஒரு பி.யு. கல்லூரியில், அதாவது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 31 வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். இப்போதும் சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவரில் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் போர்டாக்கி வைத்திருக்கிறேன். மழை வந்தால் மட்டும் லீவு.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெங்களூருப் பதிப்போடு வந்த மேற்படிப்பு வழிகாட்டி இணைப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். அதில் ஒரு தவறு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கே.வி.பி.ஒய். தேர்வு எழுதி உதவித்தொகை பெறலாம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தேர்வு இப்போது இல்லை. அறிவியல் படிக்கும் பிள்ளைகளை ஊக்குவிக்க மத்திய அரசு 1999இல் தொடங்கிய திட்டம் அது. நம் ஊர் ஆட்டோக்காரர்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகம், அதாவது ஐ.ஐ.எஸ்.சி.தான் அதை நடத்திவந்தது. 2021 நவம்பரில் நடக்க வேண்டிய தேர்வு, தமிழ் உள்ளிட்ட மற்ற மொழிகளிலும் அதை நடத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்த சமயத்தில் தள்ளிப்போய், 2022 மே மாதம் நடந்தது. அதுவே கடைசி. அந்த வருஷமே திட்டத்தை மத்திய அரசின் இன்னொரு திட்டமான இன்ஸ்பயர் உதவித்தொகையோடு சேர்த்துவிட்டார்கள். என் மாடிக்கு வரும் இரண்டு பெண்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "மிஸ், இதுக்கு அப்ளிகேஷன் எப்ப போடணும்?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னதும் அவர்கள் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள்.

தவறு யாருக்கும் வரும். எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் வேறு. எட்டுப் பக்க இணைப்பில் ஏழு பக்கம் வேகத்தைப் பற்றியே இருக்கிறது. எப்படி விரைவாக விடை குறிப்பது, எந்தப் பாடத்தை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது, எத்தனை மாதிரித் தேர்வு எழுதுவது என்று. அறிவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி. நேர்காணல் என்று ஒன்று இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கான கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி.யில் ஒரு பாடத்துக்கு 60 கேள்வி, 80 நிமிஷம். அதாவது ஒரு கேள்விக்கு 80 நொடி. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை என்பதால் கடைசி இரண்டு நிமிஷத்தில் மிச்சமிருக்கும் வட்டங்களையெல்லாம் கறுப்பாக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நீட்டில் 180 கேள்வி, 180 நிமிஷம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம், தப்பானால் ஒரு மார்க் போகும். இந்த வேகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். டாக்டர், இன்ஜினியர் ஆக வேண்டுமென்றால் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆனால் இயற்பியலையோ கணிதத்தையோ உயிரியலையோ அதற்காகவே படிக்க ஆசைப்படும் பிள்ளை போகிற வாசல் வேறு. அடிப்படை அறிவியல் சொல்லிக்கொடுக்கும் மத்திய அரசின் ஏழு ஐசர் நிறுவனங்களுக்கும் ஐ.ஏ.டி. என்ற ஒரே நுழைவுத் தேர்வு. புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் எல்லாம் அதில் அடக்கம். நம் ஐ.ஐ.எஸ்.சி.யும் தன் நான்கு வருஷ பி.எஸ். படிப்புக்கு அந்த மார்க்கை ஏற்கிறது. அதில் 60 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு மூன்று நிமிஷம் கிடைக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள நைசர் என்ற அறிவியல் நிறுவனத்துக்கும் மும்பை கலினாவில் உள்ள அணுசக்தித் துறையின் அடிப்படை அறிவியல் மையத்துக்கும் நெஸ்ட் தேர்வு. அங்கே சேரும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 60,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதை எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்கின்றன?

அப்புறம் நம் மைசூர் ரோடு எட்டாவது மைலில் இருக்கிற இந்தியப் புள்ளியியல் நிறுவனம். பக்கத்திலேயே குடியிருந்தும் பலர் அதை ஏதோ அரசாங்க ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்புக்கு வைக்கும் எழுத்துத் தேர்வில் இரண்டு தாள். முதல் தாளில் 30 கேள்வி. சரியான விடைக்கு 4 மார்க், தப்பான விடைக்குச் சைபர், ஒன்றும் எழுதாமல் விட்டால் 1 மார்க். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்கிற பிள்ளைக்கு ஒரு மார்க் தருகிறார்கள், ஐயா! இதைப் போன்ற நேர்மையான ஏற்பாட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இரண்டாவது தாளில் 8 கேள்வி, 2 மணி நேரம். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது, எழுதிக் காட்ட வேண்டும். ஒரு கேள்விக்குப் பதினைந்து நிமிஷம். அதையும் தாண்டினால் நேர்காணல். அங்கே ஒரே கேள்வி இருபது நிமிஷம் ஓடும்.

80 நொடிக்குப் பழகிய பிள்ளையை இருபது நிமிஷக் கேள்வியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை அப்படிப் பழக்கியவளே நான்தான்.

2009இல் என்னிடம் ஒரு பையன் படித்தான். கெட்டிக்காரன். அப்பா யஷ்வந்த்பூர் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. கே.வி.பி.ஒய். எழுத வைக்கலாம் என்று, கிடைத்த புத்தகத்தில் இருந்தெல்லாம் கேள்விகளைப் பொறுக்கி மூவாயிரத்துக்கு மேல் போட வைத்தேன். எழுத்துத் தேர்வில் தேறினான். தெருவே சந்தோஷப்பட்டது. அந்த நாளில் அதற்கு நேர்காணலும் இருந்தது. ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்துக்கு நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போன பதினைந்தாவது நிமிஷம் வெளியே வந்தான். தனி ஊசலின் அலைவு நேரம் என்ன என்று கேட்டார்களாம். சூத்திரத்தைக் கடகடவென்று சொல்லியிருக்கிறான். "சரி, இதில் நிறை ஏன் வரவில்லை?" என்று ஒருவர் கேட்டார். "ஃபார்முலாவில் இல்லை சார்" என்று சொல்லியிருக்கிறான். அவர் விடாமல், "குண்டை இரண்டு மடங்கு கனமாக்கினால் பூமி இரண்டு மடங்கு இழுக்குமே, அப்படியானால் வேகமாக ஆட வேண்டாமா?" என்றிருக்கிறார். அதற்கு மேல் அவன் வாயே திறக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ், அது ஏன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

உண்மைதான். சொல்லவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரியே மாடிக் கொடிக்கயிற்றில் ஒரே நீள நூலில் ஒரு சின்னப் பூட்டையும் ஒரு பெரிய பூட்டையும் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டால் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வருகின்றன. இழுப்பு எத்தனை மடங்கு கூடுகிறதோ, அசையாமல் முரண்டு பிடிக்கிற குணமும் அத்தனை மடங்கு கூடுகிறது. இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பத்து நிமிஷ வேலை. அதை ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால் அவன் பேசியிருப்பான். அவன் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஆசைப்பட்டது அதற்கு அல்ல.

அதற்குப் பிறகு என் வகுப்பை மாற்றிக்கொண்டேன். வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் கணக்குப் போடுகிறோம். சனிக்கிழமை மட்டும் யாரும் பேனா எடுக்கக் கூடாது. ஒரு பிள்ளை போர்டு பக்கம் நிற்கும், ஒரு கேள்வி கேட்பேன், அது யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மாவுக்குப் பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. அவள் முதல் சனிக்கிழமை போர்டு பக்கம் நின்றபோது நான் கேட்ட கேள்வி இது. டம்ளரில் சூடான டிகாக்ஷன் இருக்கிறது. குடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். பாலை இப்போதே ஊற்றிவைத்தால் காபி சூடாக இருக்குமா, பத்து நிமிஷம் கழித்து ஊற்றினால் சூடாக இருக்குமா?

நான்கு நிமிஷம் அப்படியே நின்றாள். பயிற்சி வகுப்புக்கும் போகிற பெண், மார்க்கெல்லாம் நன்றாகவே வாங்குவாள். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டால், "இங்கிலீஷ்ல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மிஸ்" என்றாள். தமிழிலேயே சொல் என்றேன். கொஞ்ச நேரம் சுண்ணாம்புக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "மிஸ், பால் சூடான பாலா, ஆறின பாலா?" என்று கேட்டாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

ஆறின பால் என்று வைத்துக்கொள் என்றேன். அதன் பிறகு அவளே போனாள். டிகாக்ஷன் 90 டிகிரி, அறை 26 டிகிரி, பாலும் 26 டிகிரி, இரண்டும் சம அளவு என்று எழுதினாள். ஒரு பொருள் தன்னைச் சுற்றி இருப்பதைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை விடும். இப்போதே ஊற்றினால் கலவை 58 டிகிரி. அறைக்கும் அதற்கும் வித்தியாசம் 64இல் இருந்து 32ஆகப் பாதியாகிறது. சூட்டை மெதுவாக விடும். ஊற்றாமல் வைத்தால் பத்து நிமிஷமும் பெரிய வித்தியாசத்தில் நின்று சூட்டைக் கொட்டிவிடும், அப்புறம் ஆறின பாலை வேறு ஊற்ற வேண்டும். ஆகவே இப்போதே ஊற்றுவதுதான் சரி.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் முடிக்கவில்லை. "ஆனா எங்க வீட்டுல பாலை அடுப்புல சிம்முலயே வெச்சிருப்போம் மிஸ்" என்றாள். அப்படியானால் கணக்கு தலைகீழாகிறது. இப்போதே ஊற்றினால் பாலின் சூடும் சேர்ந்து பத்து நிமிஷம் வீணாகும். கடைசியில் ஊற்றினால் ஆறின டிகாக்ஷனோடு கொதிக்கக் கொதிக்கப் பால் சேரும், காபி சூடாக இருக்கும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை, இரண்டும் சரி, எது என்பது பால் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் தாளில் இந்தப் பெண்ணுக்கு என்ன மார்க் கிடைத்திருக்கும்?

அவள் சேர்ந்திருந்த பயிற்சி நிலையத்தில் இப்படி ஏதாவது கேட்டால், "அதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் சிலபஸ் முடியாது" என்று உட்கார வைத்துவிடுவார்களாம். எந்த இடம் என்பதை எழுத விரும்பவில்லை. எல்லா இடத்திலும் கேட்கிற பேச்சுதான், ஒரு காலத்தில் நானும் சொன்ன பேச்சுதான்.

இங்கே மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். மூன்றும் தெரியும், ஆனால் யோசிக்க ஒரு மொழி வேண்டுமே. முடுக்கம், உந்தம் என்கிற சொற்கள் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தமிழ் வழியில் படித்தவர்கள் இல்லை. பரவாயில்லை. "ஃபோர்ஸ் ஜாஸ்தி ஆனா ஸ்பீட் உடனே கூடாது மிஸ், கொஞ்சம் கொஞ்சமா கூடும்" என்று சொன்னால் எனக்குப் போதும். அந்த வாக்கியத்தின் எலும்பு தமிழ். காரணம், காரியம், ஆனால், ஆகவே, ஒருவேளை எல்லாம் அவர்களுக்கு அம்மா பேச்சிலேயே இருக்கிறது. முதல் வாரம் தமிழில் சொன்னதை அடுத்த வாரம் இங்கிலீஷில் சொல்லச் சொல்வேன். "லெட் மீ அஸ்யூம்" என்று ஆரம்பிப்பது, "கேன் ஐ செக் தட்?" என்று நிறுத்துவது, "ஐ டோன்ட் நோ, பட் ஐ கேன் ட்ரை" என்று தைரியமாகச் சொல்வது. இந்த மூன்று வாக்கியம் வாயில் பழகிவிட்டால் நேர்காணலில் பாதிப் பயம் போய்விடும். இங்கிலீஷ் சரளமாக வராததால் அறிவு இல்லை என்று பிள்ளைகள் தங்களைத் தாங்களே முடிவு கட்டிக்கொள்வதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம்.

தேர்வுகளைத் தமிழில் வைத்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். வைக்க வேண்டும் என்பதே என் கட்சியும். ஜே.இ.இ. மெயினை 2021இல் இருந்து தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். ஆனால் அதைத் தாண்டி ஐ.ஐ.டி.க்குப் போகிற அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். நீட் தமிழிலும் வருகிறது. ஆனால் 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகள் தப்பாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்குப் போய், 196 மார்க் தர வேண்டும் என்று மதுரைக் கிளை சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்த் தாள் எழுதினாலும் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி. ஆகவே போராடுகிறவர்கள் போராடட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த வருஷம் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு இந்த வருஷம் ஒரு வழி வேண்டும்.

அந்தப் பெண் பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வு முடிந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சர்ஜாபூர் பக்கம் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் மாதிரி, இளங்கலைக்கே நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைக்கிற இடங்கள் இப்போது நம் நகரத்தில் இருக்கின்றன. முந்தின நாள் ராத்திரி அவள் அப்பா என் வீட்டுக்கு வந்து, "டீச்சரம்மா, என்ன கேப்பாங்க? கோட்டு கீட்டு வாங்கணுமா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்றேன்.

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைச் சொல், அது எப்படி வேலை செய்கிறது என்று பேசலாம் என்றார்களாம். அவள் அம்மாவின் மிதி தையல் மெஷினைச் சொல்லியிருக்கிறாள். கீழே இருக்கிற பெரிய சக்கரம் ஏன் அவ்வளவு கனம், லேசாக இருந்தால் மிதிக்கச் சுலபமாக இருக்குமே என்று கேட்டார்கள். தெரியாது, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். அப்புறம் காலால் மிதித்துக் காட்டிக்கொண்டே பேசினாளாம். மிதிக்கும்போது கால் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆனால் ஒரு சுற்றில் இரண்டு இடம் வரும், அங்கே மிதித்தாலும் தள்ள முடியாது. மிதியைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பி நேர்க்கோட்டில் நின்றுவிடும். அந்த இடத்தைச் சக்கரம் தானாகத் தாண்ட வேண்டும். லேசான சக்கரம் அங்கேயே நின்றுவிடும், சில சமயம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்துவிடும். கனமான சக்கரம் சுற்றின வேகத்தை விட மாட்டேன் என்று இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படியானால் கனம் நடுவில் இருக்கலாமா, விளிம்பில் இருக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி. எங்கள் மெஷினில் நடுவில் வெறும் கம்பிகள்தான், கனமெல்லாம் விளிம்பில் என்று பார்த்ததைச் சொல்லிவிட்டு, ஏன் என்பதற்குக் காரணம் தேடிப் போயிருக்கிறாள். நடுவில் ஒரு தப்புச் செய்து தானே திருத்தியும் இருக்கிறாள். இடம் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருஷம்.

ஊர் மாறினாலும் அவர்கள் பார்ப்பது மாறுவதில்லை. என் பழைய மாணவர் ஒருவர் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார். அவர் மகள் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தாள். கேம்பிரிட்ஜில் 2024இல் இருந்து இ.எஸ்.ஏ.டி. என்று ஒரு தேர்வு. ஒரு பகுதிக்கு 27 கேள்வி, 40 நிமிஷம், கால்குலேட்டர் கிடையாது. இம்பீரியல் கல்லூரியும் அதைக் கேட்கிறது. டிசம்பரில் நேர்காணல், வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே. அவள் தயாரிப்புக்கு என்னிடம் வந்தபோது நான் செய்தது அதே சனிக்கிழமை வேலைதான். செலவு நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாதது, அதனால் அதற்கு மேல் எழுதவில்லை. பி.எஸ்சி. முடித்த பிறகு ஐ.ஐ.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த ஆராய்ச்சிப் படிப்புக்கோ, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் உயிரியல் ஆராய்ச்சி மையமான என்.சி.பி.எஸ்.க்கோ, ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்துக்கோ போனாலும் எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் நேர்காணல் காத்திருக்கிறது. ஆகவே பதினேழு வயதில் இந்தப் பழக்கம் வந்தால் இருபத்திரண்டு வயதிலும் உதவும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டியதில்லை என்பதைத்தான் பெற்றோர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஐ.ஐ.எஸ்.சி. வருஷத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே விடுகிறது. ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே போய்க் கேள்வி கேட்கலாம். சவுடையா ரோட்டில் உள்ள நேரு கோளரங்கத்தில் படம் பார்க்க மட்டும் போகாதீர்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் பி.எஸ்சி. படிப்பவர்களுக்கும் வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன. வீட்டில் அப்பா அம்மா படிக்காதவர்களாக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பிள்ளை ஒரு கணக்கை முடித்ததும், "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பெண்ணின் அம்மா செய்தது அவ்வளவுதான். பூண்டு உரித்துக்கொண்டே, "ஏன் அப்படி?" என்று கேட்பாராம்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இணைப்பில் நீங்கள் அச்சிட்ட மாதிரி வினாத்தாள்களுக்குக் குறைவில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும். அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் ஒரு மூலையில் ஒரே ஒரு கேள்வி போடுங்கள். நல்ல தமிழில், விடைகள் கொடுக்காமல். பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள் என்று எழுதி அனுப்பட்டும். அடுத்த வாரம் அவற்றில் இரண்டை வெளியிடுங்கள். அதில் ஒன்று தப்பாகத் தொடங்கிப் பாதி வழியில் திருத்திக்கொண்டதாக இருக்கட்டும், பிள்ளைகள் அதிலிருந்துதான் அதிகம் கற்கிறார்கள். கேள்விகளை நான் தருகிறேன். சன்மானம் வேண்டாம்.

இன்னொன்று. எச்.ஏ.எல்., பி.இ.எல்., இஸ்ரோ என்று இந்த நகரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் நம் தமிழ்ச் சங்கம் 1950இல் இருந்து இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு அறை, ஒரு போர்டு, கேள்வி கேட்க மூன்று பெரியவர்கள். இந்தக் கடிதத்தைப் பார்த்து நான்கு பேர் வந்தாலும் நடத்திவிடலாம், சங்கத்தில் நானே போய்க் கேட்கிறேன். அங்கே ஜன்னல் வழியாக ஏரியைக் காட்டி, இதில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கும் என்று தொடங்கலாம். ஏரி ஏறக்குறைய 50 ஹெக்டேர், அதாவது 5 லட்சம் சதுர மீட்டர். சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 கோடி லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஆறரைக் கோடிக் குடத்துக்கு மேல். ஆழத்தை 2 மீட்டர் என்று எப்படி எடுத்தாய் என்று ஒரு பெரியவர் கேட்டு, பிள்ளை அதற்குக் காரணம் சொல்லத் தொடங்கினால் அன்றைய வகுப்பு நடந்துவிட்டது.

மூலைக்கான முதல் கேள்வியை இத்துடன் அனுப்புகிறேன். பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் இருந்து வந்த அத்தை, திறந்த பாத்திரத்தில் வைத்தால் இங்கே பருப்பு வேக நேரமாகிறது என்கிறார். அவர் சொல்வது சரியா? சரி என்றால், அதே பருப்பை விசில் வரும் குக்கரில் வைத்தாலும் அதே அளவு நேரம் கூடுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு